அட்டைப் பெட்டியில் பிள்ளைகளுக்கு எழுதுமேசை



நம் பல்லடம் பக்கம் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. நூல் கோன் வருவதும் அதில்தான், மளிகைச் சரக்கு வருவதும் அதில்தான். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டால் கிடைப்பது சொற்பம். அதே வீட்டில்தான் பிள்ளைகள் தரையில் குனிந்து, மடியில் நோட்டை வைத்து எழுதுகிறார்கள். கழுத்தும் முதுகும் வலிக்காமல் என்ன செய்யும்?

மும்பையின் ஆரம்ப் என்ற தொண்டு நிறுவனம் 2014-இல் இதற்கு ஒரு வழி காட்டியது. வேண்டாத அட்டைப் பெட்டியை வெட்டி மடித்தால் புத்தகப் பை. பள்ளியில் நிறுத்தினால் அதுவே சாய்வு மேசை. அப்போது ஒன்றுக்கு ஆன செலவு சுமார் 10 ரூபாய்தான்.

"அட்டை தாங்குமாங்க?" என்று கேட்பீர்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களுக்குப் போட்ட அட்டைக் கட்டில் 200 கிலோ வரை தாங்கும்.

சூட்சுமம் இதுதான். அட்டையை வெட்டிய ஓரத்தைப் பாருங்க. இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் இருக்கும். அந்த நெளிவு தூண் மாதிரி மேலிருந்து கீழாக நிற்கணும். படுக்கை வாட்டத்தில் வைத்தால் சீக்கிரமே மடங்கிவிடும்.

பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்தால் முழங்கை வரும் உயரம்தான் மேசையின் உயரம். நீளவாக்கில் மூன்று, குறுக்கே மூன்று துண்டுகள் வெட்டுங்க. நீளத் துண்டில் மேலிருந்து பாதி, குறுக்குத் துண்டில் கீழிருந்து பாதி வெட்டுவிட்டுச் செருகணும். பாட்டில் பெட்டிக்குள் தடுப்பு இருக்குமே, அதே மாதிரி. மேலே இரண்டு அட்டைகளை நெளிவு குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டுங்க. அதன்மேல் பனியன் வேஸ்ட் துணி ஒட்டினால் பார்க்கவும் லட்சணம்.

மைதாப் பசை போதும். சிலர் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் புழங்கும் பொருளுக்கு வேண்டாம். வெயிலில் நன்றாகக் காய வையுங்க, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூச்சிமருந்து, சாயமருந்து வந்த பெட்டி சும்மா கிடைத்தாலும் தொடாதீங்க.

இதையே தொழிலாகச் செய்யக் கடன் எடுக்கலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இடத்தை அடைக்கும் பொருள், வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். தண்ணீர் பட்டால் வீண், வாங்கியவர் திரும்ப வந்து நிற்பார். முதலில் நம் வீட்டுக்கு ஒன்று செய்து, ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்ப்போம். வீடு கழுவும்போது மட்டும் அதைத் திண்ணை மேல் தூக்கி வைத்துவிடுங்க.