உயரே போனால் எரிபொருள் மிச்சம்

கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். போயிங் 737-800 விமானத்தை 5,000 அடி உயரத்தில், வேகமானியில் 270 நாட் காட்டும்படி பறக்கவிடுங்கள். பிறகு 35,000 அடிக்கு ஏற்றி, அங்கேயும் அதே 270 வரும்படி வையுங்கள்.

வேகமானி காட்டும் எண் ஒன்றேதான். ஆனால் காற்றோட்டம் இல்லாத நாளில், கீழே சுமார் 290 நாட் வேகத்தில் போன விமானம், மேலே சுமார் 450 நாட், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும்!

வேகமானி அளப்பது எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தை. 35,000 அடியில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அதே அழுத்தம் வர அங்கே இன்னும் விரைந்து பறக்க வேண்டும்; அப்படிப் பறந்தாலும் காற்றின் தடை ஏறக்குறைய அதேதான். மணிக்குச் செலவாகும் எரிபொருளும் பெரிதாகக் கூடுவதில்லை. கடக்கும் தூரம்தான் ஒன்றரை மடங்காகிறது. அருமையான கணக்கு இது.

ஆனால் எடுத்த எடுப்பில் உச்சிக்கு ஏற முடியாது. டாங்கி நிறைந்த விமானம் கனமானது; மெல்லிய காற்று அதைத் தாங்காது. எரிபொருள் தீரத் தீர, விமானி அறைக் கணினித் திரையில் உகந்த உயரம் என்று காட்டும் எண் மெல்ல ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். அதற்கேற்பப் படிப்படியாக ஏறுங்கள். மேலே எதிர்க்காற்று கடுமையாக இருந்தால் மட்டும், சில ஆயிரம் அடி இறங்கிப் பறப்பதே லாபம்.