பூட்டு மிதிகளின் ஆயுள்

2015-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுக்களின்போது திருவனந்தபுரத்தில் சைக்கிள் பந்தயங்கள் நடைபெற்றன. இத்தகைய பந்தய வீரரின் காலணியடியில் ஒரு சிறு தகடு உண்டு. அது மிதியில் அழுந்திப் பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விடுபடும். பிரான்சின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் காலணிப் பூட்டின் முறையைத் தழுவி, 1984-இல் இதனை வெளியிட்டது.

இம்மிதி எவ்வளவு காலம் உழைக்கும்? ஒரே எண்ணால் விடை கூறவியலாது. பாகங்கள் வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. முதலில் தேய்வது பிளாஸ்டிக் தகடு. அதனை அணிந்து தரையில் நடப்பதாலேயே அது விரைவில் தேயும். தேய்ந்த தகடு, வண்டி விரைந்தோடும்போதே காலை நழுவவிடும், விபத்து நேரும். ஆகவே தகட்டை உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

மிதியினுள் உள்ள பேரிங் நெடுநாள் உழைப்பது. தூரத்தைவிட நீரும் மணலுமே அதற்குப் பெரும் பகை. இரு பருவமழைகளும் பெய்யும் இக்கடலோர நகரில் இது கருதத்தக்கது. மிதியைப் பற்றி அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ, சுழற்றுகையில் கரகரப்போ தென்பட்டால், பிரித்துத் துடைத்துப் புதிய கிரீஸ் இடவேண்டும். தேய்ந்திருப்பின் பேரிங்கை மாற்றவேண்டும். இடப்புற மிதியின் மரை எதிர்த்திசையில் அமைந்தது என்பதை மறவாதீர்கள்.

மாணவர்கள் ஏறிவரும் சாதாரணச் சைக்கிளின் மிதிக்கும் இச்சோதனை பொருந்தும்.