திருப்பணியும் பழங்கல்வெட்டும்

ஐக்கிய நாணயச் சங்கங்கள் தோன்றுவதற்கு வழிகோலிய சட்டம் 1904-ஆம் வருஷத்தில் பிறந்தது. அதன் பயனாகத் திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் ஏற்பட்டதைச் சங்க அங்கத்தினர் பலரும் அறிவர். அதே வருஷத்தில் புராதனச் சின்னங்களைக் காப்பதற்கென வேறொரு சட்டமும் ஏற்பட்டதை அறிந்தோர் சிலரே. அச்சட்டத்தின்படி, சின்னத்தின் உடைமைக்காரரோடு கலெக்டர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பராமரிப்புச் செலவுக்கு ஜனங்கள் மனமுவந்து அளிக்கும் பொருளும் ஏற்கப்படலாம். ஆகவே, பழமையைக் காப்பது சர்க்காரும் ஊராரும் கூடிச் செய்யும் காரியம் என்பது தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. 1958-ல் வந்த சட்டமும் இவ்வொப்பந்த முறையைக் கைவிடவில்லை.

இன்று தமிழ்நாட்டில் இக்காரியத்தில் ஈடுபட்டுள்ள இலாகாக்கள் மூன்று. 1861-ல் நிறுவப்பெற்ற இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறை, தேசிய முக்கியத்துவம் உடையவை என்று விளம்பரப்படுத்தப்பட்ட சின்னங்களைப் பார்த்துக்கொள்கிறது. 1961-ல் ஏற்பட்ட மாநிலத் தொல்லியல் துறை, மாநில அரசு பாதுகாக்கும் சின்னங்களைப் பார்த்துக்கொள்கிறது. வழிபாடு நடைபெறும் கோயில்களுள் மிகப்பல இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வையில் உள்ளன. முன்னிரண்டின் பட்டியலில் சேராத பழங்கோயில்களும், நடுகற்களும், மதகுக் கல்வெட்டுகளும் எண்ணிறந்தவை. அவற்றுக்கு முதற்காவலர் ஊராரே.

ஆனால், அவற்றுக்குக் கேடு நேர்வதும் பெரும்பாலும் ஊராரின் பக்தியினாலேயே என்பதை வருத்தத்தோடு கூறவேண்டியிருக்கிறது. கோயிலைப் புதுப்பிக்க வேண்டுமென்று பொருள் சேர்க்கிறார்கள். சுவரைப் பிரித்து மீண்டும் அடுக்கும்போது கற்கள் இடம் மாறிவிடுகின்றன. ஒரு வரியின் தலை ஒரு பக்கத்திலும் வால் மற்றொரு பக்கத்திலும் போய்விடுகின்றன. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்தால் எழுத்தின் விளிம்பு தேய்கிறது. வர்ணமும் சிமிட்டியும் பூசினால் எழுத்து மூடிப்போகிறது. அக்கல்வெட்டு அவ்வூரின் நிலம், ஏரி, தர்மம் ஆகியவற்றின் தஸ்தாவேஜு. அது அழிந்தால் மறுபிரதி கிடையாது.

முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் கட்டளையிட்டான். அப்போது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் பிரிக்குமுன் புத்தகத்தில் படியெடுத்து வைக்கும்படி செய்தான். அவை அவன் மகன் இராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. இடையில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றும் ஊரின் கணக்கு அழியவில்லை. திருப்பணி வேண்டாம் என்பதன்று இதன் படிப்பினை. முதலில் படி, பிறகு பணி என்பதே.

ஊரார் செய்யத்தக்கவை எளியவை. கல்வெட்டு எங்கெங்கே உள்ளது, எந்தச் சுவரில் எத்தனையாவது வரிசைக் கல் என்பதைக் குறித்துப் படம் பிடித்து வைக்கலாம். வேலை தொடங்குமுன் தொல்லியல் துறைக்கு எழுதலாம். அத்துறையினர் கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பர். அதனால் கல்லுக்கு யாதொரு தீங்கும் இல்லை. அறநிலையத் துறையின் மேற்பார்வையிலுள்ள கோயிலாயின், அதன் அனுமதியின்றிப் பணி தொடங்கலாகாது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னமாயின், 2010-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டிடம் விலக்கப்பட்டது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது விக்கிரகமோ நாணயமோ அகப்பட்டால், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிப்பது கடமை.

இதற்காகச் சங்கத்தின் நிதியைச் செலவிடுக என்று கூறவில்லை. ஆயினும், வரவு செலவை எழுதி வைப்பதும், கூடித் தீர்மானித்துக் கையொப்பமிடுவதும் சங்கத்தாருக்குக் கைவந்த பழக்கங்கள். திருப்பணிக் கமிட்டியில் அங்கத்தினராய் உள்ளோர் அப்பழக்கத்தை அங்கும் கொண்டு செல்வாராக. கடன் பத்திரத்தை வாசிக்காமல் எவரும் கிழித்தெறிவதில்லை. ஊரின் பழம்பத்திரமாகிய கல்லுக்கும் அந்த மரியாதையே வேண்டுவது.