கருமணலில் ஒரு கிரேக்கப் பெயர்

ஒட்டுசுட்டான் என்னும் ஊர்ப்பெயருக்கு அங்குள்ளோர் கூறும் விளக்கம் வன்னியில் யாவரும் அறிந்ததே. குரக்கன் அறுத்த ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டதென்பது தான்தோன்றீசுவரர் கோயில் ஐதீகம். அதன் வரலாற்றுண்மை ஒருபுறமிருக்க, பெயரைக் கேட்ட மாத்திரத்தே கதையும் புலனாகின்றது. அதே முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாயிலும், அதனையடுத்துத் திருகோணமலை மாவட்டத்திலுள்ள புல்மோட்டையிலும் பரந்துள்ள கருமணலின் நிலை வேறு. இல்மனைற்று, உரூத்தைல் ஆகிய கனியங்களைக் கொண்ட அம்மணலிலுள்ள மூலகம் தைத்தேனியம். இப்பெயரிலும் ஒரு புராணக்கதை உண்டு. அது நம் காதில் விழுவதில்லை.

1791 இல் இம்மூலகத்தை முதன்முதற் கண்டவர் வில்லியம் கிரெகர் என்னும் ஆங்கிலப் பாதிரியார். கண்டதும் கருமணலிலேதான். கோர்ன்வாலிலுள்ள மனக்கன் என்னும் அச்சிற்றூரின் பெயரையே அவர் அதற்கு இட்டார். 1795 இல் அதனைத் தனித்துக் கண்ட ஜெர்மானிய இரசாயனவியலாளர் கிளப்ரொத்து, இயல்பு முழுதும் தெரியாத பொருளுக்கு இயல்புப்பெயர் பொருந்தாதெனக் கருதி, வானுக்கும் மண்ணுக்கும் பிறந்த தித்தான்களின் பெயரைச் சூட்டினார். சிற்றூரின் பெயர் வழக்கொழிந்தது.

ஜெர்மனும் உருசிய மொழியும் அக்கடவுளரின் பெயரையே உலோகத்துக்கும் வழங்குகின்றன. சீனர் உலோகக் குறியோடு 'தை' என ஒலிக்கும் எழுத்தைச் சேர்த்தனர். அது தனித்து நிற்குங்கால் 'மிகப் பெரியது' எனப் பொருள்படுதல் ஒரு நற்பேறு.

தமிழகத்தார் டைட்டானியம் என்றனர். இலங்கையிலோ, 1950கள் தொட்டு ஆக்கப்பட்ட கலைச்சொற்கள் டகரம் மொழிக்கு முதலாகாதென்னும் தொல்காப்பிய விதியைப் பேணின. இதன் விளைவு விசித்திரமானது. கிரேக்கப் பெயரின் மெய்யொலி தகரத்தையே ஒத்தது. 'தை', 'தே' என்பவற்றின் உயிரொலிகள் ஆங்கில உச்சரிப்புக்குரியன. இலக்கணம் நம்மை அறியாமலே ஏதென்சுக்கும், காலனித்துவக் கல்வி இலண்டனுக்கும் இழுத்துச் சென்றுள்ளன. (கிரேக்கத்தை முற்றத் தழுவித் 'தித்தன்' என்றிருந்தாலோ, உறையூர்ச் சோழனொருவனே நினைவுக்கு வந்திருப்பான்.)

தித்தான்கள் இளைய தலைமுறைக் கடவுளரிடம் தோற்றவர்களாகலின், 'அசுரம்' என மொழிபெயர்க்கலாமே என்பார் உளர். அஃது ஏற்புடைத்தன்று. பொருள் சுட்டாதிருத்தற்பொருட்டே தெரிந்தெடுத்த பெயருக்கு அது பொருளை வலிந்து ஏற்றும்.

ஆயின், மண்ணின் பெயர் வேறு விடயம். புல்மோட்டை மணலுக்கெனக் கூட்டுத்தாபனம் 1957 இல் அமைந்தது. அகழ்வறிக்கைகளில் இல்மனைற்று, தைத்தேனியம் என்பனவே நிறைகின்றன. பாடநூலில் அவை நிலைக்கட்டும். தன் கரையில் அகழப்படுவது யாது, அதிலிருந்து வெண்ணிற வர்ணப்பூச்சுக்கான பொருள் யாருக்குச் செல்கின்றது என வினவும் கொக்கிளாய் மீனவனுக்கு எழுதுமிடத்து, கருமணல் என்னும் சொல்லும் அவற்றோடு இடம்பெறல் வேண்டும்.