நகலெடுத்த படம் அதே படம்தானா?

பத்து ஆண்டுப் படங்களும் காணொளிகளும் நிறைந்த பழைய வன்தட்டிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுகிறோம். பச்சைக் கோடு கடைசிவரை ஓடி முடிகிறது. கோப்புகளின் எண்ணிக்கை சரி, அளவும் சரி. உடனே பழையதை அழித்துவிடுகிறோம். ஆனால் கணினி சொன்னது, எழுதும் வேலை முடிந்தது என்பதை மட்டுமே. எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும் வேலை, சாதாரண நகலெடுப்பில் நடப்பதில்லை.

ஒரு டெராபைட் என்பது 8 லட்சம் கோடி பிட்டுகள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. நினைவகச் சில்லில் பழுது இருந்தால், வழியில் ஒரு 0 சத்தமில்லாமல் 1 ஆகிவிடலாம். கோப்பின் பெயர், தேதி, அளவு எதுவும் மாறாது. படத்தைத் திறக்கும்போதுதான் பாதிக்குக் கீழே நிறம் பிசகியிருப்பது தெரியும். அது காலமான பாட்டியின் படமாக இருந்தால், மறுபடி எடுக்க வழியில்லை.

இத்தகைய பிழையைப் பிடிக்கும் உத்தி நம் புத்தக அலமாரியிலேயே இருக்கிறது. ஏதாவது ஒரு நூலின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கத்தை 1ஆல், அடுத்ததை 3ஆல், அதற்கடுத்ததை மீண்டும் 1ஆல் என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை 0இல் முடியும். ஓர் இலக்கம் தவறினாலும் அப்படி முடியாது. கடைசி இலக்கம் சேர்க்கப்பட்டதே இதற்காகத்தான். இதிலும் ஓட்டை உண்டு: அடுத்தடுத்து நிற்கும் 1ம் 6ம் இடம் மாறினால் கணக்கு ஏமாந்துவிடும். ஏன் என்று மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

கோப்புகளுக்கு இதைவிடக் கூர்மையான கணக்கு வேண்டும். எஸ்எச்ஏ-256 என்பது அப்படி ஒன்று. கோப்பு எவ்வளவு பெரிதானாலும், அதன் எல்லாப் பிட்டுகளையும் கலந்து பிசைந்து 64 குறிகள் கொண்ட ஒரு 'கைரேகை'யைத் தரும். ஒரே ஒரு பிட் மாறினாலும் ரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

2007இல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், சேமிப்பில் இருந்த 33,700 கோப்புகளின் சரிபார்ப்பு எண்களை மறுபடி கணக்கிட்டது. 22 கோப்புகள் பொருந்தவில்லை. ஏறக்குறைய 1,500க்கு ஒன்று. அவ்வளவு பராமரிப்பு உள்ள இடத்திலேயே இப்படி.

வீட்டில் செய்ய வேண்டியதில் வரிசைதான் முக்கியம். கோப்புகள் பழைய வன்தட்டில் இருக்கும்போதே ரேகைகளை எடுத்துச் சேமியுங்கள். விண்டோஸில் இலவச 7-ஜிப் மென்பொருளை நிறுவினால், வலச்சொடுக்குப் பட்டியலிலேயே இந்தக் கணக்கு வந்துவிடும். டெராகாப்பி போன்றவற்றில் சரிபார்ப்பைத் தேர்ந்தெடுத்தால், நகலெடுத்ததும் தாமே ஒப்பிடும். 'கட்' வேண்டாம், 'காப்பி' செய்யுங்கள்.

நகலெடுத்த கையோடு சரிபார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சற்றுமுன் எழுதியதைக் கணினி தன் நினைவகத்திலும் வைத்திருக்கும். நாம் கேட்டால் வன்தட்டைத் தொடாமல் அதையே எடுத்து நீட்டலாம். விடைத்தாளைப் பார்க்காமல் மாணவனிடமே மதிப்பெண் கேட்பதைப் போன்றது இது. ஆகவே புதிய வன்தட்டை முறைப்படி விலக்கி, கேபிளைக் கழற்றி, மீண்டும் பொருத்திய பிறகு ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தும்வரை பழையது அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே அதில் கெட்டுப்போன படம் மட்டும் கெட்டபடியே தேறிவிடும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. யூனிகோடில் 'பொங்கல்' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்புமுறை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் இவற்றை வெவ்வேறு பெயர்களாக எண்ணும். எனவே 'பொங்கல்' என்று இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றால், ஒன்று உபரி என்று அழித்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் கோப்புகளின் ரேகைகளை முதலில் ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கில் பெயர் சேர்வதில்லை, உள்ளடக்கம் மட்டும்தான்.