கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் அச்சாகும் ஏலப் பட்டியல்களுக்கு நான் பரம ரசிகை. ஒரு சாமானும் வாங்குவதில்லை, வாசிப்பதோடு சரி. துப்பறியும் கதையெல்லாம் கிட்ட வர முடியாது! ‘18ஆம் நூற்றாண்டு’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் ஏலக்காரருக்கு அதன் வயதில் நம்பிக்கை இருக்கிறது. ‘18ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிந்தியதும்’ என்றிருந்தால் இரண்டு கால் அசல், மிச்சத்தைப் பிறகு யாரோ பூட்டியிருக்கிறார்கள். ‘18ஆம் நூற்றாண்டுப் பாணி’ என்றால் போன வருடம் செய்ததாகக்கூட இருக்கலாம். ஓவியமென்றால் கூத்து இன்னும் கூடும். ஓவியருடைய ‘வட்டம்’ என்று சொன்னால் அவர் காலத்திலேயே, அவருடைய செல்வாக்கில் வேறு யாரோ வரைந்தது. அவருடைய ‘பாணி’ என்று சொன்னால் பிற்காலத்தில் வரைந்தது. அவரை ‘ஒட்டியது’ என்றால் வெறும் நகல். எந்தக் காலத்து நகல் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பெரிய ஏல நிறுவனங்கள் இந்தச் சங்கேத மொழிக்கு அருஞ்சொற்பட்டியலே போட்டு, பொடி எழுத்தில் கடைசிப் பக்கங்களில் ஒதுக்கி வைத்திருக்கின்றன. கையில் கிடைத்ததும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

இந்த வார்த்தைகளெல்லாம் எங்கே பிறக்கின்றன? மரத்துக்கு அடியில்! களுபோவிலயில் ஆஸ்பத்திரி வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில் பழைய தளபாடம் திருத்தும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, அரக்குப் பொலிஷ் மணத்தைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். பாஸ், அதாவது பட்டறைத் தச்சர், மொறட்டுவைக்காரர். கரையோரத்துத் தச்சு வேலைக்கு மொறட்டுவையை விட்டால் வேறு ஊர் ஏது? பளபளவென்று நின்ற ஒரு கதிரையை நான் தடவிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “மேலுக்குப் பாக்க வேணாம் மிஸ். மேலே இருக்கிறது எல்லாம் நாங்க செய்றதுதானே!” என்று சொல்லிக்கொண்டே கதிரையைக் கவிழ்த்துப் போட்டார்.

அடடா, அடிப்பக்கம் என்பது தனி உலகம்! இருக்கைச் சட்டத்தின் உள்முகத்தில் வாள் ஓடிய தடம் நேர்நேராக இருந்தால் கையால் அறுத்த பலகை. வில் வளைவாக இருந்தால் வட்ட வாள், அதாவது யந்திரம் வந்த பிறகு அறுத்தது. திருகாணியைக் கழற்றி நுனியைப் பார்க்க வேண்டும். கூர் முனைத் திருகாணி பரவலானது 1840களுக்குப் பிறகுதான். அதற்கு முந்தியவை மொட்டை நுனி. உளுத்த ஓட்டைக்குள் குண்டூசியை விட்டுப் பார்க்க வேண்டும். பூச்சி நேர்கோட்டில் தின்பதில்லை, ஆகவே ஊசி எங்காவது முட்டி நிற்கும். வழுக்கிக்கொண்டு நேரே போனால் அது ‘ட்ரில்’ போட்ட பூச்சி. எனக்கு மிகவும் பிடித்தது வட்ட மேசைச் சோதனை. மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். ஆகவே நூறு, இருநூறு வருடத்துக்கு முன்னால் வட்டமாகச் செய்த மேசை இன்றைக்கு வட்டமாக இருக்கக் கூடாது. பாஸ் டேப்பை ஒரு தரம் நெடுக்கே, ஒரு தரம் குறுக்கே பிடித்தார். அரை அங்குலம் வித்தியாசம்! எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருந்தது. அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

தேநீர் என்றதும் ஞாபகம் வருகிறது. புதுப் பலகைக்கு வயது ஏற்றவும் அதுதான் மருந்து. கடும் சாயம் போட்டுப் பூசி, மூலைகளில் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் தேய்த்து, விளிம்புகளைச் சங்கிலியால் நாலு தட்டுத் தட்டினால் ‘ஒல்லாந்தர் காலம்’ ரெடி.

அந்த ‘ஒல்லாந்தர் காலம்’ இருக்கிறதே, கொழும்பில் அது வருடக் கணக்குக்குள் அடங்காது. ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல், வெள்ளைக்காரனிடம் விட்டது 1796இல். ஆனால் கடைந்த காலும் பிரம்பு இருக்கையும் உள்ள எதுவானாலும், 1850இல் செய்திருந்தாலும் சரி, ஆங்கில விளம்பரத்தில் ‘டச்சு’ ஆகிவிடுகிறது. 1950களிலும் 60களிலும் தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பறங்கியக் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தது. பாட்டி சொன்ன வயதே பட்டியலிலும் ஏறியது. ‘குடும்ப வழிச் செய்தி’ என்ற குறிப்புக்கு ஆங்கில ஏல உலகில் தனி மரியாதை உண்டு; பொறுப்பு மட்டும் ஏலக்காரருடையது அல்ல. ஆர். எல். புரோகியர் 1969இல் ஒல்லாந்தர் காலத் தளபாடங்களுக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். புத்தகம் கையில் இல்லாதவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் போய், 1757இல் திறந்த உல்வெண்டால் தேவாலயத்தில் பழைய கதிரைகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.

கதிரைகளில் ராஜா, அந்த உருண்டைக் கதிரைதான். வட்ட இருக்கை, ஆறு கால், அரைவட்டச் சாய்மானம். ஆங்கிலத்தில் ‘பேர்கோமாஸ்டர் கதிரை’, அதாவது நகரபிதா உட்காரும் கதிரை. எந்த நகரபிதா? ஒருவரும் இல்லை! பிற்காலத்து ஆங்கில வியாபாரிகள் சூட்டிய பட்டம் அது. விலைக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா? உட்கார்ந்தவருக்குப் பெயர் வைத்தார்கள், கப்பலில் கொண்டுபோனவருக்குப் பெயர் வைத்தார்கள், செய்த தச்சரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சீனத்து அரக்கு மடக்குத்தட்டி நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறி ஐரோப்பா போனது. அவ்வளவுதான், ‘கொரமண்டல் தட்டி’ ஆகிவிட்டது. இலங்கைக் காட்டு மரமான கலமந்தருக்கும் அதே ‘கொரமண்டல்’ பெயர் ஒட்டிக்கொண்டது.

இவை எல்லாவற்றுக்கும் சிகரம் ஹொரஸ் வால்போல் பிரபு. லண்டனுக்கு அருகே ஸ்ட்ரோபெரி ஹில் என்று ஒரு கோட்டை மாதிரி மாளிகை கட்டி, அதைப் பழைய இங்கிலாந்தால் நிரப்பியே தீருவேன் என்று நின்றவர். கரிய மரத்தில் அடர்த்தியாகச் செதுக்கி, முறுக்குத் தூண் வைத்த கருங்காலிக் கதிரைகளை ஓரிடத்தில் பார்த்தார். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வூல்சியோடு தொடர்புள்ள வீட்டில் அப்படிப்பட்டவை இருந்தன என்ற பேச்சும் காதில் விழுந்திருந்தது. போதாதா? எட்டாம் ஹென்றி காலத்து அசல் டியூடர் சாமான் என்று முடிவு கட்டி, 1763இல் ஏலத்தில் எடுத்து வீட்டை நிரப்பினார். அவர் ரசனையைப் பார்த்து மற்றப் பிரபுக்களும் கருங்காலி தேடி ஓடினார்கள். அந்தக் கதிரைகள் உண்மையில் பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில், நம்மவர் உளி பட்டுச் செய்யப்பட்டவை! மசூலிப்பட்டினத்துக்கும் மதராசுக்கும் பக்கத்துக் கைவேலையை டியூடர் அரசர்களின் ஞாபகமாகப் பார்த்துப் பார்த்து ஓர் ஆங்கிலப் பிரபு உருகியிருக்கிறார். 1842இல் அந்த மாளிகைச் சாமான்களை விற்க 24 நாள் ஏலம் நடந்தது. அச்சிட்ட பட்டியல் ஏறி அந்தத் தப்பு இன்னும் நெடுந்தூரம் பயணம் போனது.

களுபோவிலயிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் கோட்டே. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே யானைத்தந்தத்தில் செதுக்கிய பேழைகள் லிஸ்பனுக்குப் போயின. ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் பொற்சிலையைத் தூதரோடு அனுப்ப, போர்த்துக்கல் அரசன் அதற்கு முடிசூட்டிய காட்சி ஒரு பேழையில் அப்படியே செதுக்கப்பட்டிருக்கிறது. அது இப்போது மியூனிக்கில். 1881இல் லண்டனில் நடந்த கண்காட்சி ஒன்றுக்கு ஜே. சி. ரொபின்சன் என்பவர் இப்படிப்பட்ட சாமான்களுக்கு ‘இந்தோ-போர்த்துக்கேய’ என்று ஒரு பெயர் கொடுத்தார். கோவாவோ கோட்டேயோ, எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் விழுந்தன. கோட்டே வேலை கோட்டே வேலைதான் என்று பிரித்தெடுக்க ஆய்வாளர்களுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் கோட்டே தந்தப் பேழைக்கு இன்றைக்கு வழங்கும் பெயர் ‘ரொபின்சன் பேழை’!

சட்டக்காரர்கள் இதைவிட சுவாரசியம். 1850இல் செய்த ஒரு கதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் கோடு போடுவது 1815 மார்ச் 2இல், கண்டி ஒப்பந்த நாளில். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம் கதிரை தொல்பொருள் அல்ல. அமெரிக்கச் சுங்கத்தில் 1966 வரை 1830க்கு முந்தியிருந்தால்தான் பழம்பொருள் என்று தீர்வை விலக்கு. அந்த வருடம் விதி மாறி நூறு வயதானால் போதும் என்றாக, கதிரை ஒரே இரவில் கிழமாகிவிட்டது. இங்கேயோ ஐம்பது வருடம் தாண்டிய பழம்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

இந்தக் கடைசி விதியால் நடக்கும் கூத்தை பாஸ்தான் எடுத்துவிட்டார். கடையில் விலை பேசும்வரை அது ‘டச்சு’, ‘வளவு வீட்டிலிருந்து வந்தது’. வெள்ளைக்காரர் காசைக் கொடுத்து, கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட ஆரம்பித்ததும் பில் புத்தகம் வெளியே வருகிறது. “அப்ப என்ன எழுதுவாங்க பாஸ்?” என்று கேட்டேன். “உண்மையத்தான் மிஸ். புதுக் கதிரை, மொறட்டுவையில செஞ்சது, போன மாசம்.”