மலைவழியும் விலைமிக்க கமராவும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தை மாணவர்க்குப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், அதன் தொடக்கத்தில் வருகின்ற கூத்தரின் சுமையைப் பற்றிச் சற்று நின்று பேசுவது என் வழக்கம். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் முதலிய இசைக்கருவிகளைப் பைகளிற் கட்டிக் காவிக்கொண்டு அவர்கள் மலைவழியே செல்கின்றனர். கார்காலத்துப் பலாமரத்திலே காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல அப்பைகள் தோன்றின என்பது பெருங்கௌசிகனார் காட்டும் உவமை. வழியோ எளிய வழியன்று. பன்றிக்கு வைத்த பொறி உண்டு. தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் உண்டு. பாம்பு உறையும் குழி உண்டு. பாசி படிந்து வழுக்கும் இடமும் உண்டு. இவ்வளவையும் எடுத்துக் கூறி எச்சரிக்கின்ற புலவர், கருவிகளை ஊரிலே வைத்துவிட்டுப் போங்கள் என்று ஓரிடத்திலேனும் கூறினாரல்லர். நன்னனுடைய அவையிலே வெறுங்கையோடு நிற்கும் கூத்தனுக்கு அங்கு என்ன வேலை?

பிழைப்புக்குரிய கருவியைக் கடுவழியிற் கொண்டுசெல்வதா, வீட்டிலே பூட்டி வைப்பதா என்னும் வினா, ஆகவே, மிகப் பழையது. அண்மையில் அது என் வீட்டு விறாந்தைக்கே வந்து சேர்ந்தது. என் தங்கையின் மகன் யாழ்ப்பாணத்திலே கல்யாணங்களுக்கும் சாமத்தியச் சடங்குகளுக்கும் படம் பிடித்துச் சீவிப்பவன். அவன் நண்பர் மூவரோடு நேபாளத்துக்குச் சென்று, எவரெஸ்ட் மலையின் அடிவாரப் பாசறை வரையும் நடந்து திரும்புவதற்கு ஒழுங்கு செய்திருக்கிறான். அவனிடம் இரண்டு கமராக்கள் உள்ளன. ஒன்று ஆறு ஆண்டு உழைத்தது. மற்றது சென்ற ஆண்டு கடன்பட்டு வாங்கியது. வில்லைகளோடு சேர்த்துப் பல இலட்சம் ரூபா பெறும். மாதந்தோறும் தவணை கட்டுகிறான்.

“மாமா, இரண்டையும் கொண்டு போகட்டே, ஒண்டையும் கொண்டு போகாமல் விடட்டே?” என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் அவன் தாய் அடுக்களையிலிருந்து, “கடன் முடியேல்லைத் தம்பி. அதை மலையிலை போட்டு உடைச்சுப்போட்டு வந்து நிக்கப்போறியோ?” என்றாள்.

நான் படம் பிடிக்கும் கலையை அறிந்தவனல்லேன். ஆயினும் ஒரு பொருளை ஆராய்ந்து முடிவு காணும் முறை இலக்கணம் படித்தவனுக்கு ஓரளவு கைவந்ததே. முன்னோர் இத்தகைய வழிகளிற் சென்றபோது யாது செய்தனர் என்று பார்த்தேன். (புகைப்படம் என்ற சொல் எனக்கு உடன்பாடன்று, அதிலே புகை எங்கே உள்ளது? நிழற்படம் என்பதே பொருத்தம். அது நிற்க.)

இமயமலையிலே முதன்முதல் பெருமுயற்சியோடு நிழற்படம் எடுத்தவர்களில் ஒருவர் சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர். 1863ஆம் ஆண்டுக்கும் 1866ஆம் ஆண்டுக்கும் இடையில் அவர் மூன்று முறை மலைக்குள்ளே சென்றார். அக்காலத்துக் கமரா மடியில் வைத்துக்கொள்ளும் பொருளன்று. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவையைப் பூசி, அது உலருமுன் படம் எடுத்து, அவ்விடத்திலேயே கழுவியும் முடிக்க வேண்டும். எனவே இருட்டறையாகப் பயன்படும் கூடாரமும், மருந்துப் போத்தல்களும், கண்ணாடித் தகடுகளும் கூடவே சென்றன. முதற் பயணத்தில் முப்பது சுமையாளிகள். மூன்றாவதில் எண்பது பேர் அளவில். 1866இல் மணிறங் கணவாயில், 18,600 அடி உயரத்திலே நின்று அவர் படம் எடுத்தார். அதற்கு மேலான உயரத்தில் எவரும் படம் எடுக்காமல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தன. போர்னின் படங்கள் இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. ஆனால் குளிரிலே அச்சுமையைக் காவ மாட்டாது இடைவழியில் இறக்கி வைத்துவிட்டு ஓடிய கூலியாட்களும் இருந்தனர். அவர்களுடைய பெயர்களை எந்தப் படமும் நமக்குச் சொல்வதில்லை. ஒருவனுடைய கலை ஆசையை மற்றவர்களுடைய முதுகு எவ்வளவு தூரம் சுமக்கலாம் என்பதும் இவ்விடயத்திலே எண்ண வேண்டியதே.

போர்ன் யாவற்றையும் கொண்டு சென்றார்; படங்களோடு திரும்பினார். யாவற்றையும் கொண்டு சென்று, பெரும்பாலானவற்றை இழக்க நேர்ந்த ஒருவரின் வரலாறுதான் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது. அவர் பிராங்க் ஹேர்லி என்னும் அவுஸ்திரேலியர். ஷாக்கிள்டன் தென்துருவக் கண்டத்துக்குச் சென்ற ‘எண்டூரன்ஸ்’ கப்பலில் அவரே படப்பிடிப்பாளர். 1915ஆம் ஆண்டு சனவரியிலே அக்கப்பல் பனிக்கட்டியில் அகப்பட்டது. பல மாதங்கள் பனி அதனை இறுக்கிற்று. ஒக்டோபர் இறுதியில் மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் பனித்தளத்திலே கூடாரமடித்தனர். ஹேர்லியின் கண்ணாடித் தகடுகளோ, ஈயப்பற்று வைத்து அடைத்த தகரப் பெட்டிகளில், நீர் புகுந்த கப்பலின் உள்ளே கிடந்தன. அவர் மேலாடையைக் களைந்து, பனிக்கூழ் மிதக்கும் அந்நீரிலே மூழ்கி அவற்றை மீட்டார்.

மீட்டபின்னர் நிகழ்ந்ததே நம் வினாவுக்கு விடை தருவது. வள்ளங்களை இழுத்துக்கொண்டு உயிர் பிழைக்கச் செல்ல வேண்டிய நிலையிலே, ஒவ்வொருவருக்கும் சொந்தப் பொருள் இரண்டு இறாத்தல் மாத்திரமே என்று ஷாக்கிள்டன் விதித்திருந்தார். அவரும் ஹேர்லியும் பனியின்மீது அமர்ந்து தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். வேண்டியவற்றை ஒருபுறம் வைத்தனர். வேண்டாதவற்றை அங்கேயே உடைத்தனர். பின்னர் மனம் மாறி எடுக்க இயலாதவாறு உடைத்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சியவை 120 அளவில். உடைந்தவை ஏறக்குறைய 400. பெரிய கமராக்கள் யாவும் கைவிடப்பட்டன. சட்டைப்பையில் அடங்கும் சிறிய கொடாக் ஒன்றும், மூன்று படச்சுருள்களும் மட்டும் ஹேர்லியிடம் இருந்தன. எலிபன்ற் தீவிலே 22 பேர் கவிழ்த்த வள்ளங்களின் கீழ்ச் சீவித்து, 1916 ஓகஸ்ட் 30இல் மீட்கப்பட்ட காலம்வரை, அச்சிறிய கருவியே அவருக்குத் துணை. விலை மிகுந்த பொறிகள் அழிந்தன, படங்கள் பிழைத்தன. இரண்டு இறாத்தல் விதியை மீறிச் சென்ற பொருள்களிலே வானிலையாளர் ஹஸியின் பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவியும் ஒன்று. மனத்துக்கு மருந்து என்று ஷாக்கிள்டனே அதனைக் கொண்டுவரச் சொன்னாராம். நம் கூத்தருக்கு அவர் உறவினரோ என்று நான் எண்ணியதுண்டு.

ஹேர்லி கமராவையும் படத்தையும் வெவ்வேறாகக் கண்டார். நாமோ இரண்டையும் ஒன்றென மயங்குகிறோம். பெட்டி உடைந்தால் காசு கொடுத்து வேறொன்று வாங்கலாம். எடுத்த காட்சி மீளாது. இதனை மருமகனுக்குச் சொன்னேன். “அப்ப புதியதைக் கொண்டு போகலாம் எண்டுதானே மாமா சொல்லுறியள்?” என்று உடனே பிடித்துக்கொண்டான். இளைஞர் நியாயத்திலே தமக்கு வேண்டிய பாதியை மட்டும் கேட்பதில் வல்லவர்.

நான் சொன்னது அதுவன்று. ஹேர்லியின் கமராக்கள் அந்தப் பயணத்துக்கென்றே அமைந்தவை. இவனுடைய புதிய கமராவோ தை மாதத்து முகூர்த்தங்களுக்கு அச்சாரம் வாங்கியாயிற்று. அதை நம்பி ஐந்து வீட்டார் நாள் குறித்திருக்கின்றனர். மலையிலே அது பழுதுபட்டால் நட்டம் இவனோடு நிற்பதில்லை. மணவறையிலே இருக்கும் யாரோ ஒரு பெண்ணின் படத்தையும் சென்று தொடும். கடன் தீராத பொருளிடத்தே மற்றுமொரு தொல்லையும் உண்டு. அதை வெளியே எடுக்கக் கை கூசும். தூசு பறக்கிறது, தூறல் விழுகிறது, மாடு வருகிறது என்று ஒவ்வொரு முறையும் பையின் பட்டியை மூடிக்கொண்டே நடப்பான். பத்து நாள் பைக்குள்ளே இருந்து திரும்பும் கமரா, வீட்டிலே இருந்த கமராவை விட எவ்வகையில் மேல்?

எவரெஸ்டின் உச்சியையே எடுத்துக்கொள்வோம். 1953 மே 29இல் அங்கு நின்ற டென்சிங்கைப் படம் எடுத்த ஹிலறியின் கமரா, போருக்கு முந்திய கொடாக் ரெற்றினா. பிறரிடமிருந்து வாங்கிய பழம்பொருள். குளிர் தாக்காதபடி அதனைச் சட்டைக்குள்ளே வைத்திருந்தார். அந்த நூற்றாண்டின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று அதிலிருந்து வந்தது. அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்னர், 1924 யூன் 8இல், அதே மலையிலே மறைந்த மலோரியும் இர்வினும் கொண்டு சென்றது சொமவெல் என்னும் தோழர் இரவல் கொடுத்த சிறிய கொடாக். மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டது. கமரா அதனோடு இல்லை. 2024இல் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் பனியாற்றிலே வெளிப்பட்டது. அப்போதும் கமரா கிடைக்கவில்லை. அவர்கள் உச்சியை அடைந்தனரா என்னும் வழக்குக்கு ஒரே சாட்சி அந்தச் சட்டைப்பைப் பெட்டி. அதன் விலையை இன்று யாரால் மதிக்க இயலும்?

இனிச் சில நடைமுறைச் செய்திகள். லுக்லாவுக்குச் செல்லும் சிறு விமானத்தில் ஒருவருக்கு அனுமதிக்கப்படும் சுமை பொதுவாக 15 கிலோகிராம். அதற்குள்ளேதான் குளிருடையும் மருந்தும் அடங்க வேண்டும். லுக்லா ஏறக்குறைய 2,850 மீற்றர் உயரத்திலும், அடிவாரப் பாசறை 5,364 மீற்றரிலும் உள்ளன. மேலே காற்றின் அழுத்தம் கடற்கரையிலிருப்பதில் ஏறத்தாழப் பாதி. இங்கே ஒரு கிலோவாகத் தோன்றுவது அங்கே மூச்சுக்கு மூச்சு கணக்குக் கேட்கும். மருமகனின் கருவிகள் முக்காலியோடு ஆறு கிலோவுக்கு மேல் வந்தன. சுமையாளியிடம் கொடுக்கலாமே என்றான். போர்னின் கதையை மறுபடியும் சொன்னேன்.

குளிரிலே மின்கலம் விரைவில் சோரும். உடம்போடு ஒட்டிய பையிலே வைத்தாற் பெரிதும் தெளியும். இரவில் உறங்கும் பைக்குள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே செல்லச் செல்லத் தங்குமிடங்களில் மின்னேற்றுவதற்குத் தனியே காசு அறவிடுவர். மேலதிக மின்கலங்களை விமானத்திலே கைப்பொதியில்தான் கொண்டு செல்லலாம். வெளியிலே குளிர்ந்த கமராவை அடுப்பு எரியும் அறைக்குள் அப்படியே கொண்டு வந்தால், வில்லையிலும் உள்ளேயும் நீர் பனிக்கும். வாயிலுக்கு வெளியே நின்று பொலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டி, உள்ளே வந்து சூடு சமமாகும்வரை திறவாதிருப்பதே வழி. நீர் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். படங்களைப் பிரதிசெய்யச் சுழலும் வட்டுள்ள சேமிப்புப் பெட்டியை அவன் வைத்திருந்தான். அத்தகையவற்றுட் பலவற்றுக்கு 3,000 மீற்றர் அளவே எல்லை என்று செய்தவர்களே குறித்திருக்கிறார்கள். சுழலும் உறுப்பில்லாத ஒன்றை மாற்றி வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு மாலையும் பிரதி செய்து, அதைக் கமராப் பையிலன்றி நண்பனின் பையிலே வைக்கும்படியும் சொன்னேன். ஹேர்லியின் தகரப் பெட்டிக்கு நம் காலத்து மாற்று அதுவே. காப்புறுதியைப் பொறுத்தவரை, சாதாரணப் பயணக் காப்புறுதியிலே ஒரு தனிப் பொருளுக்குத் தரும் தொகைக்கு எல்லையுண்டு. தொழிற் கருவிகளை அறவே விலக்குவதும் உண்டு. பத்திரத்தின் சிற்றெழுத்தை முழுவதும் வாசிக்கும்படி சொன்னேன். வாசித்தான், முகம் கறுத்தது.

முடிவு இவ்வாறு ஆயிற்று. கடன் தீர்ந்த கமரா மலைக்குப் போகிறது. ஆறு ஆண்டு பழகியமையால் இருட்டிலும் அதன் பொத்தான்களை அவன் விரல் அறியும். புதியது வீட்டிலே தங்குகிறது. ஆனால் புதிய வில்லைகளில் ஒன்றைத் தான் கட்டாயம் கொண்டுபோவேன் என்று பிடிவாதம் பிடித்தான். முக்காலியை விட்டால் அதற்கு உடன்படுவேன் என்றேன். அவ்வாறே பொருத்தம் செய்துகொண்டோம். எல்லாவற்றையும் சந்திக் கடைத் தராசிலே நிறுத்தபோது இரண்டு கிலோவும் சொச்சமும் இருந்தது.

இத்தனைக்கும் அடுக்களை வாயிலிலே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் தங்கைக்கு நான் ஹிலறியின் கதையைச் சொல்லி, உச்சியிலே ஹிலறியை எடுத்த படம் ஒன்றேனும் கிடையாது என்றும் கூறியிருந்தேன். அவள் பையின் பட்டியைத் தைத்து உறுதியாக்கிக் கொடுத்துவிட்டு மகனைப் பார்த்து, “மலையைப் பிடிக்கிறது இருக்கட்டும். உன்னை ஆரேன் ஒரு படம் எடுக்கட்டும், நான் சுவரிலை கொழுவ வேணும்” என்றாள்.